ஸ்கேனில் டிஸ்க் வீங்கியிருக்கிறது என்று வந்தால், நாரி நோவுக்கு அதுதான் காரணமா? இனி வலை இழுக்கலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் இது தேவை. உங்களுக்கு 34 வயது, நிலாவெளிப் பக்கம். சீசனில் கரைவலை இழுக்கிறீர்கள், மற்ற மாதங்களில் ஓட்டோ ஓடுகிறீர்கள். மூன்று மாதமாக நாரி நோவு. அது இடது பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இறங்குகிறது, சில நேரம் பெருவிரலும் மரத்துப்போகிறது. முதல் மாதம் இருந்த அளவுக்கு இப்போது இல்லை, ஆனாலும் முழுதாக விட்டபாடில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தீர்கள். எல்4-எல்5 இடத்தில் (நாரிப் பக்கத்து முள்ளந்தண்டின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில்) டிஸ்க், அதாவது எலும்புகளுக்கிடையில் மெத்தைபோல இருக்கும் தட்டு, வீங்கி இடது நரம்பைத் தொடுகிறது, மேலேயும் கீழேயும் உள்ள டிஸ்க்குகளில் தேய்மானம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டொக்டர் ஒபரேஷன் தேவைப்படலாம் என்றார். அப்பா பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போகச் சொல்கிறார். காரணம் என்ன, யாரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: "இனி வலை இழுத்தால் முதுகு ஒரேயடியாகப் போய்விடுமா?"

நான் பிசியோதெரபிஸ்ட். திருகோணமலையில் பல வருடங்களாக இந்த வேலைதான். மீன்பிடிப்பவர்கள், தம்பலகாமத்து வயல்காரர்கள், சீனன்குடா பக்கம் மூட்டை தூக்குகிறவர்கள், தையல் மெஷினில் நாள் முழுக்க இருக்கிற பெண்கள் என்று எல்லாருடைய நாரியையும் பார்த்திருக்கிறேன். நான் சத்திரசிகிச்சை செய்பவன் இல்லை, மருந்து எழுதுபவனும் இல்லை. உங்களைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன். ஆகவே எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. சிறுநீர் முட்டியும் போகாமல் நிற்பது, தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, மோட்டார்சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் (பிறப்புறுப்பு, குதம், தொடையின் உட்பக்கம்) மரத்துப்போவது, இரண்டு காலும் ஒரேயடியாகச் சோர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, இரவென்றாலும், பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முள்ளந்தண்டின் அடியில் குதிரை வால் போலப் பிரிந்து இறங்கும் நரம்புக்கட்டு முழுதாக நசுங்குகிறது என்பதற்கு அவைதான் அடையாளம். அதற்கு ஒபரேஷன் மணிக்கணக்கில் முடிவாக வேண்டிய விஷயம். தாமதித்தால் சிறுநீர்ப் பிரச்சினை நிரந்தரமாக நின்றுவிடலாம். வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இந்த அறிகுறிகள் அபூர்வம், உங்களுக்கு இருப்பதாகவும் எழுதவில்லை. ஆனால் வெட்கத்தில் இதை டொக்டரிடம் சொல்லாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

சரி, காரணத்துக்கு வருவோம். உங்களிடம் இருப்பது இரண்டு நோவு, ஒன்றில்லை. நாரியில் இருக்கிற உளைவு ஒன்று, காலில் இறங்குகிற குத்தும் மரப்பும் இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கால் நோவைப் பற்றி ஓரளவு துணிந்து சொல்லலாம். எல்4-எல்5 டிஸ்க் இடதுபக்கம் பிதுங்கினால் வழக்கமாக அகப்படுவது எல்5 என்ற நரம்பு. அந்த நரம்பின் வழி கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், பெருவிரல். நீங்கள் சொன்ன பாதையும் ஸ்கேனில் தெரிந்த இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தும்போதுதான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. இதுவே உங்களுக்கு மரப்பது சின்னவிரலும் உள்ளங்காலின் வெளி ஓரமும் என்றிருந்தால், அது எஸ்1 நரம்பின் வழி. அப்போது எல்4-எல்5 வீக்கத்தைக் குற்றவாளியாக்க நான் யோசிப்பேன். நோவு முழங்காலைத் தாண்டாமல் பிட்டத்திலும் தொடையிலும் மட்டும் நிற்கிற பலருக்கு நரம்பு நசுங்கியிருப்பதே இல்லை.

நாரி உளைவு வேறு கதை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி, கீழ்முதுகு நோவில் சுமார் 90 வீதத்துக்கு இந்த எலும்பு, இந்தத் தசை, இந்த டிஸ்க் என்று குறிப்பாகக் கைநீட்ட முடியாது. அதற்காக நோவு பொய் என்றோ மனப்பிரமை என்றோ அர்த்தமில்லை. முதுகில் நோகக்கூடிய இழைகள் பல, அவை நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, எது கத்துகிறது என்று வெளியிலிருந்து பிரித்தறிய நம்பகமான சோதனை இல்லை. டிஸ்க்கா, முள்ளந்தண்டின் பின்பக்கச் சிறு மூட்டா, தசையா என்று உறுதியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவருக்குத் தெரிந்ததைவிடக் கூடச் சொல்கிறார். நல்ல காலத்துக்கு, அந்தப் பெயர் தெரியாமலே சிகிச்சை செய்யலாம்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் இருக்கிற "தேய்மானம்"? இந்தச் சொல்தான் ஆட்களை நொறுக்கிவிடுகிறது. 2015இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பைச் சொல்கிறேன். முதுகு நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வயதுவாரியாகப் பார்த்தார்கள். 20 வயதுக்காரரில் 37 வீதமானோருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 30 வயதில் பாதிக்குச் சற்று மேல். 80 வயதில் 96 வீதம். டிஸ்க் வீக்கமும் அப்படித்தான்: 30 வயதில் 40 வீதம், 50 வயதில் 60 வீதம். திரும்பச் சொல்கிறேன், இவர்கள் ஒருவருக்கும் நோவில்லை. வெயிலில் கிடக்கிற வள்ளத்தின் வர்ணம் வெளிறும், அதற்காக அதைக் கடலில் இறக்காமல் விடுவோமா? எல்3-எல்4, எல்5-எஸ்1 பற்றி ரிப்போர்ட்டில் உள்ள வரிகளை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலோடு பொருந்துகிற ஒரே வரி எல்4-எல்5 இடதுபக்கம். அதை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும்.

"வலை இழுத்துத்தானே இது வந்தது" என்று உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. குனிந்து திரும்பித் தூக்குவது, பாரமான வேலை, வாகன அதிர்வு, புகைத்தல், நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, இவையெல்லாம் நாரி நோவின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவர் பாரவேலை, மற்றவர் கதிரை வேலை என்று ஆயுள் முழுக்கப் பிரிந்திருந்தும் அவர்களின் டிஸ்க்குகள் ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன. தேய்மானத்தில் தொழிலைவிடப் பரம்பரையின் பங்கு பெரிது. கரைவலை இழுக்கிற ஆளைப் பாருங்கள்: குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கால் பலத்தில் அடியடியாகப் பின்வாங்குவார். முதுகைக் கெடுக்க அது அப்படியொன்றும் மோசமான நிலை இல்லை. உங்கள் வேலையில் எனக்கு அதிகம் சந்தேகம் வருகிற இடங்கள் வேறு. மடி (மீன் சேர்கிற வலைப்பை) கரையேறிய பிறகு குனிந்தபடியே மீனை வாரிப் பெட்டியில் போட்டுத் திரும்பித் தூக்குவது ஒன்று. ஓட்டோவில் புல்மோட்டை வீதியில் மணிக்கணக்காக முன்சாய்ந்து குலுங்குவது இன்னொன்று. இது என் அனுபவ ஊகம், நிரூபணம் இல்லை.

இனி உங்கள் காலை நீங்களே சோதிக்க ஒரு வழி. சுவருக்குப் பக்கத்தில் நின்று குதிகாலில் மட்டும் பத்து அடி நடவுங்கள். பாதத்தின் முன்பக்கம் நிலத்தைத் தொடாமல் நிற்கிறதா? அப்புறம் கதிரையில் இருந்து, இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கிப் பிடியுங்கள். வீட்டில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் தன் விரலால் கீழே அமுக்கிப் பார்க்கட்டும். வலது விரல் எதிர்த்து நிற்கும்போது இடது விரல் சுலபமாகச் சாய்ந்தால் எல்5 நரம்பு பலம் இழக்கிறது. கடைசியாக ஒற்றைக்காலில் முன்பாதத்தில் எழும்பிப் பாருங்கள், அது எஸ்1 நரம்புக்கு. மரப்பு மட்டும் இருந்து பலம் சரியாக இருந்தால் பொறுமையாக இருக்கலாம். விரல் சாய்கிறது, நடக்கும்போது செருப்பு கழன்று போகிறது, பாதம் இழுபடுகிறது என்றால் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்க வேண்டாம், அன்றோ மறுநாளோ வைத்தியசாலையில் காட்டுங்கள். கிழமைக்கு ஒருதரம் இந்தச் சோதனையைச் செய்து திகதியோடு எழுதிவையுங்கள். பலம் கூடுகிறதா குறைகிறதா என்ற அந்தக் குறிப்பு, ஸ்கேன் படத்தைவிட நிபுணருக்கு உதவும்.

நரம்பில்லாத, டிஸ்க்கில்லாத காரணங்களும் உண்டு, அவற்றை ஒருதரம் தட்டிப்பார்க்க வேண்டும். காரணமில்லாமல் மெலிவது, பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, படுத்தாலும் குறையாத நோவு இருந்தால் முள்ளந்தண்டுக் காசநோயையும் வேறு தொற்றுகளையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் இன்னும் போய்விடவில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புது நோவு என்றால் அதையும் தள்ளிவைக்கக் கூடாது. வயதான அம்மாமாருக்கு, நீண்டகாலம் ஸ்டீரொய்ட் எடுத்தவர்களுக்கு, சின்ன விழுகையிலேயே எலும்பு நொறுங்கலாம். 40 வயதுக்கு முதலே தொடங்கி, காலையில் எழும்பினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் முதுகு இறுகிப்போய், நடமாட நடமாட இளகி, விடியற்புறம் நோவால் விழிக்கிற இளைஞர்களுக்கு அது மூட்டு அழற்சி வாதமாக இருக்கலாம். அவர்கள் வருடக்கணக்கில் "தசைப்பிடிப்பு" என்று மருந்து பூசிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன், வேதனையாக இருக்கும். அவர்கள் போக வேண்டியது வாதநோய் நிபுணரிடம். உங்கள் வயது அதற்குப் பொருந்தினாலும் நீங்கள் எழுதிய நோவின் போக்கு பொருந்தவில்லை.

கிட்னி பயத்தையும் பேசவேண்டும். நம் மாவட்டத்திலேயே பதவி ஸ்ரீபுரப் பக்கம் நீண்டகாலச் சிறுநீரக நோய் எத்தனையோ குடும்பங்களைத் தின்றிருக்கிறது. அதனால் நாரி நோவென்றாலே கிட்னிதான் என்று ஆட்கள் பயந்து ஓடிவருகிறார்கள். அந்த நோய் பெரும்பாலும் நோவே இல்லாமல் வளரும். அதைக் கண்டுபிடிப்பது இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான், நாரி நோவு அதன் அடையாளம் இல்லை. சிறுநீரகக் கல் என்றால் விலாவிலிருந்து அடிவயிறு, கவட்டுப் பக்கம் அலையலையாக வந்து போகும், எந்தப் பக்கம் புரண்டாலும் இருப்புக்கொள்ளாது. உங்கள் நோவு குனிந்தால் கூடுகிறது, நடந்தால் இளகுகிறது என்று சொல்கிறீர்கள். அது கிட்னியின் குணம் இல்லை. ஆனால் கிட்னி வேறொரு வழியில் இதில் வருகிறது, மருந்து வழியாக.

டைக்ளோபெனக், இபுபுரோஃபன் போன்ற குளிசைகள் சில நாளைக்கு நோவைத் தணிக்கும். பார்மசியில் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற ஆளுக்கு ஆபத்து இன்னும் கூட. நீங்கள் இரண்டு மாதமாக விட்டுவிட்டுப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை டொக்டரிடம் சொல்லி ஒரு கிரியாட்டினின் பரிசோதனை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். பனடோலைப் பொறுத்தவரை, 2014இல் அவுஸ்திரேலியாவில் 1,600 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில், புதிதாக வந்த நாரி நோவை அது மருந்தில்லாத போலிக் குளிசையைவிடச் சீக்கிரம் குணமாக்கவில்லை. கால் நோவுக்கு இப்போது அதிகம் எழுதப்படுகிற பிரிகாபலின் 2017இல் வெளியான ஒரு ஆய்வில் போலிக் குளிசையை மிஞ்சவில்லை. தலைச்சுற்றும் தூக்கமும்தான் கூடியது, ஓட்டோ ஓட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பி12 விற்றமின் "நரம்பு ஊசி" நசுங்கிய நரம்பை விடுவிக்காது. உடம்பில் அந்தச் சத்துக் குறைவு இருந்தால் மட்டும் அதற்குப் பயனுண்டு.

பரியாரி பற்றிக் கேட்டீர்கள். இந்த மண்ணில் சித்த வைத்தியம் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் படிப்பிக்கிறார்கள். நொச்சி இலை ஒத்தடம், எண்ணெய் பூசி உருவுதல் இவற்றால் தசை இளகி, நோவு சில மணித்தியாலங்களுக்குக் குறைகிறது. சூட்டாலும் தடவலாலும் தற்காலிக ஆறுதல் கிடைப்பதை ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. கன்னியா வெந்நீரூற்றில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் உடம்பு லேசாக இருப்பதும் அந்தச் சூட்டால்தான். போய்வாருங்கள், ஈரக்கல்லில் வழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. ஒத்தடம் கொடுக்கும்போது மரத்த இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும். அம்மாவின் கையால் சூடு பார்த்துவிட்டு வையுங்கள்.

நான் கடுமையாக மறுப்பது இரண்டை. காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு போகும் என்று முதுகில் ஏறி மிதிப்பதும், முதுகைச் சடக்கென்று முறிப்பதும் ஒன்று. நரம்பு நசுங்கிக் காலில் மரப்பு இருக்கிற ஆளிடம் அதைச் செய்யவே கூடாது, எலும்பு மெலிந்த முதியவர்களிடமும் கூடாது. மற்றது, பெயரோ உள்ளடக்கமோ எழுதாத பொட்டலத் தூள், உருண்டை. இரண்டே நாளில் எல்லா நோவும் பறந்தது என்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அப்படியான மருந்துகளில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பதிவு செய்த வைத்தியரிடம் போங்கள், மருந்தின் பெயரை எழுதிக் கேளுங்கள், மற்ற டொக்டருக்கும் அதைக் காட்டுங்கள்.

ஒபரேஷன் பற்றி உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வு: 6 முதல் 12 கிழமையாகக் கடுமையான கால் நோவு உள்ள 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஒபரேஷன், மறுபாதிக்குக் காத்திருந்து மற்றச் சிகிச்சைகள். ஒபரேஷன் செய்தவர்களின் கால் நோவு வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் முடியும்போது இரண்டு பக்கமும் ஒரே நிலை, 95 வீதமானோர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 வீதமானோருக்கு நோவு தாங்காமல் பிற்பாடு ஒபரேஷன் செய்ய வேண்டியும் வந்தது. ஆக, பலம் குறையாதவரை, ஒபரேஷன் வேகத்தை வாங்கித் தருகிறது, கடைசி முடிவை அவ்வளவாக மாற்றுவதில்லை. பிதுங்கிய டிஸ்க்கில் பெரும்பங்கு தானாகச் சுருங்குவதும் உண்டு. விசித்திரமாக, உடைந்து பெரிதாக வெளியே வந்தவைதான் சின்ன வீக்கங்களைவிட அதிகம் சுருங்குகின்றன. முதல் மாதத்தைவிட இப்போது நல்லது என்று நீங்களே சொல்வதால், பலமும் சரியாக இருந்தால், இன்னும் சில கிழமை காத்திருப்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். நோவு நிலைகுத்தி நின்றுவிட்டால், இரவுத் தூக்கமே இல்லையென்றால், நிபுணரோடு ஒபரேஷன் பற்றிப் பேசுவதில் ஒரு பிழையும் இல்லை. நாரி உளைவுக்காக மட்டும் ஒபரேஷன் என்று யாராவது சொன்னால் இரண்டாவது நிபுணரிடம் கேளுங்கள். அந்த ஒபரேஷன் காலுக்குச் செய்கிற அளவு நன்மையை முதுகுக்குச் செய்வதில்லை.

யாரிடம் போவது? முதலில் பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. ஸ்கேன் படத்தோடு, ரிப்போர்ட் மட்டும் போதாது, போய்க் காட்டி, திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் என்பியல் (எலும்பு) கிளினிக்குக்கும் பிசியோதெரபிப் பிரிவுக்கும் கடிதம் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இது எல்லாம் இலவசம், காலையில் வரிசையில் நிற்கிற பொறுமைதான் செலவு. நரம்பியல் சத்திரசிகிச்சை தேவையென்றால் அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். தனியாக இன்னொரு எம்.ஆர்.ஐ.க்குக் காசு கட்ட வேண்டாம், நிலை மாறாதவரை புதுப்படம் புதிதாக ஒன்றும் சொல்லாது. எங்களைப் போன்றவர்களிடம் வந்தால் மெஷின் பிடித்து அனுப்புவதோடு திருப்தியடையாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நீண்டகால நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்னதிர்வு, இடுப்புப் பெல்ட் எல்லாம் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. உடற்பயிற்சி, விளக்கம், மனப்பயத்தைக் குறைக்கும் சிகிச்சை இவற்றுக்குத்தான் அதில் இடம். நீங்கள் வாங்கிய பெல்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பாரவேலை நேரத்தில் துணிச்சல் தருகிறது என்றால் கட்டுங்கள். நாள் முழுக்க மட்டும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. படுத்தே கிடக்காதீர்கள். பின்லாந்தில் 1995இலேயே பார்த்தார்கள், கட்டிலில் ஓய்வெடுத்தவர்களைவிட முடிந்த அளவு அன்றாட வேலை பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். நிலத்தில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்பெயினில் ஒரு ஆய்வில் கடினமான மெத்தையைவிட நடுத்தரமானதுதான் நல்ல பலன் தந்தது. உங்களுக்கு எது சுகமோ அதில் படுங்கள். நடவுங்கள். முதலில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், மணலில் இல்லாமல் தார் வீதியில், பிறகு இரண்டு மூன்று நாளுக்கொருதரம் கொஞ்சம் கூட்டி அரை மணித்தியாலம் வரை. நாரி நோவிலிருந்து தேறிய 701 பேரை வைத்து 2024இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், நடைப்பழக்கம் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு நோவு திரும்ப வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் 112 நாள். உங்களைப் போலக் கால் நோவோடு இருப்பவருக்கு அதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாதது, ஆபத்தும் குறைவு.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்து பாருங்கள். குப்புறப் படுத்து இரண்டு நிமிடம், பிறகு முழங்கையில் ஊன்றி நெஞ்சைத் தூக்கி இன்னும் ஒரு நிமிடம். கால் நோவு பெருவிரலிலிருந்து கெண்டைக்கு, கெண்டையிலிருந்து தொடைக்கு என்று மேலேறினால் நல்ல அறிகுறி. அந்த நேரம் நாரியில் கொஞ்சம் கூட நோகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். மாறாக நோவு கீழே இறங்கினாலோ மரப்பு கூடினாலோ அந்தப் பயிற்சி உங்களுக்கில்லை, நிறுத்திவிடுங்கள். எல்லா வேலைக்கும் இதே அளவுகோலை வையுங்கள்: செய்யும்போது நோகலாம், சில நிமிடத்தில் பழைய நிலைக்கு வரவேண்டும், மறுநாள் காலை கால் நோவு முந்தின நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், முழுதாக விடாதீர்கள். ஓட்டோவில் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கி நிமிர்ந்து நூறடி நடவுங்கள். புகைத்தால் நிறுத்தப் பாருங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. வலை இழுத்தால் முதுகு ஒரேயடியாகப் போய்விடாது. ஒரு சொடுக்கில் எல்லாம் அறுந்து ஆள் படுக்கையாகிவிடுவார் என்ற பயம், நான் பார்த்த அளவில், நோவைவிட அதிகம் பேரை வீட்டில் முடக்கியிருக்கிறது. நோவு ஓராண்டுக்குள் திரும்ப எட்டிப்பார்க்கலாம், அது சகஜம், எல்லாம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கால் மரப்பு குறைந்து, அரை மணித்தியாலம் நடக்க முடிந்து, பெருவிரல் பலமும் சரியாக இருக்கும் கட்டத்தில் சம்மாட்டியிடம் (வலை முதலாளியிடம்) பேசுங்கள். முதல் இரண்டு கிழமை கயிறு சுருட்டுவது, மீன் தரம் பிரிப்பது போன்ற வேலை. மீன் பிரிக்கும்போது பெட்டியை ஒரு பலகைமேல் உயர்த்தி வையுங்கள், குனியாமல் இருக்கலாம். அடுத்து, ஒரு பாட்டுக்கு (வலையை ஒருதரம் வளைத்து இழுத்து முடிப்பதுதான் ஒரு பாடு) பாதி நேரம் மட்டும் கயிற்றில் நில்லுங்கள். அது மறுநாள் காலைச் சோதனையில் தேறினால் முழுப் பாடு. ஈரமடி நிறைந்து வரும்போது தனியாகக் குனிந்து தூக்குவதை மட்டும் இந்தச் சீசன் முழுக்க மற்றவர்களிடம் விடுங்கள். கிளினிக்கில் பிசியோவிடம் நீங்கள் செய்கிற வேலையை வாயால் சொல்லாமல், ஒரு துணியைக் கயிறாகப் பிடித்து நின்று நடித்துக் காட்டுங்கள், அதற்கு ஏற்ற பயிற்சியை அவர் அங்கேயே தெரிந்து தருவார். பெருவிரல் சோதனையின் முடிவை இங்கே எழுதினால் அதைப் பார்த்து மேலே சொல்கிறேன்.